ஆசானுக்கு நேரான ஸ்பானியச் சொல்: சொற்பட்டியல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்–ஸ்பானியச் சொற்பட்டியலைத் தொகுத்துவரும் குழுவினருக்கு வணக்கம்.

கருத்துக் கேட்டு நீங்கள் சுற்றுக்கு விட்ட வரைவில் கல்வி பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். ஆசிரியர், ஆசான், குரு, வழிகாட்டி, டியூஷன் மாஸ்டர் ஆகிய ஐந்துக்கும் 'மாயெஸ்த்ரோ', 'துதோர்' என்ற இரண்டே சொற்களை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் நல்ல ஸ்பானியச் சொற்கள்தாம். ஆனால் எந்த நாட்டில், யார் யாரிடம் சொல்கிறார் என்பதைச் சேர்க்காமல் அச்சிட்டால், உங்கள் பட்டியலை நம்பிப் பேசுபவர் தவறான ஆளாகிவிடுவார்.

துதோரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் விளைவை என் மாணவி ஒருத்தி அனுபவித்திருக்கிறாள். மாட்ரிடுக்குப் படிக்கப்போன அவள், ஊரில் மாலை வேளையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததைச் சொல்ல நினைத்து, "நான் பத்துப் பிள்ளைகளுக்குத் துதோராவாக இருந்தேன்" என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். அவர் எந்தப் பள்ளி என்று கேட்டார். பள்ளியில் இல்லை, வீட்டில்தான் என்றதும் அவர் முகம் மாறி, "பாவம், அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இல்லையா?" என்றாராம். ஸ்பெயினில் பள்ளித் துதோர் என்பவர் ஒரு வகுப்புக்குப் பொறுப்பேற்றுப் பெற்றோரைச் சந்திக்கும் வகுப்பாசிரியர். பள்ளிக்கு வெளியே அதே சொல் பெற்றோரின் பொறுப்பில் இல்லாத சிறாருக்குச் சட்டப்படி அமர்த்தப்படும் பாதுகாவலரைக் குறிக்கும். நம் டியூஷன் மாஸ்டருக்கு அங்கே 'ப்ரொஃபெசோர் பர்த்திகுலார்' என்ற பெயர் இருக்கிறது, பெண்ணானால் 'ப்ரொஃபெசோரா'. அதைப் போட்டிருந்தால் அந்த அம்மாளின் இரக்கம் வீணாகியிருக்காது.

மாயெஸ்த்ரோவின் கதை இதைவிட விரிவானது. லத்தீன் 'மஜிஸ்தெர்' என்ற சொல்லிலிருந்து பிறந்த அது, ஸ்பெயினில் முதன்மையாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியரையே குறிக்கிறது. உயர்நிலைப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனால் அவர் 'ப்ரொஃபெசோர்' ஆகிவிடுகிறார். மெக்சிகோவிலோ மழலையர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை மாயெஸ்த்ரோதான்; முதுகலைப் பட்டம் பெற்றவரும் அதையே பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார். சிலியில் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வருபவர் மாயெஸ்த்ரோ. காளைப் போர் வீரரும் இசைக்குழுவை நடத்துபவரும் அந்த மரியாதையைப் பெறுகிறார்கள். இத்தனை பேரையும் ஒரு சொல் எப்படித் தாங்குகிறது என்று வியப்பவர்கள் நம் ஊரில் வீடு கட்டும் இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே கொத்தனார்களையும் சித்தாள்களையும் மேய்த்துக்கொண்டு நிற்கும் மேஸ்திரி, போர்த்துக்கீசிய 'மெஸ்த்ரெ' வழியாக நமக்கு வந்தவர். அவரும் மாயெஸ்த்ரோவும் ஒரே லத்தீன் வேரின் பிள்ளைகள். கட்டடப் பணியை மேற்பார்க்கும் மேஸ்திரியை ஸ்பானியத்திலும் 'மாயெஸ்த்ரோ தெ ஓப்ராஸ்' என்றே சொல்வார்கள். உங்கள் பட்டியலில் மேஸ்திரிக்கு எதிரே 'சூப்பர்வைசர்' என்பதன் நேர்ப்பெயர்ப்பு மட்டும் இருப்பது எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது.

ஆசானுக்கு மாயெஸ்த்ரோவே பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு கலையையோ தொழிலையோ தன் கையால் கற்றுக்கொடுத்தவர் என்ற பொருளும் மதிப்பும் அதில் இருக்கின்றன. ஆசிரியருக்கு மட்டும் ஸ்பெயின், மெக்சிகோ என்று நாட்டுக் குறியோடு மாயெஸ்த்ரோ, ப்ரொஃபெசோர் என்ற இரு சொற்களையும் தாருங்கள். அழைக்கும் சொற்களையும் அங்கேயே சேர்க்கலாம்: ஸ்பெயினில் பிள்ளைகள் 'ப்ரொஃபெ' என்பார்கள், அர்ஜென்டினாவில் தொடக்கப்பள்ளி டீச்சர் 'சென்யோ'.

குருவுக்கு 'குரூ' என்ற சொல்லை ஸ்பானிய அகராதியே ஏற்றிருக்கிறது, இறுதி உயிரின் மேல் அழுத்தக் குறியோடு. இந்து சமய குருவைப் பற்றி எழுதும்போது அதைத் தயங்காமல் இடலாம். ஆனால் இன்றைய பேச்சில் அது பங்குச்சந்தை நிபுணருக்கும் விளம்பர உலகின் பிரபலங்களுக்கும், சற்றே நக்கலோடு, போய்விட்டது. பரதநாட்டிய குருவைப் பற்றிய கட்டுரையில் 'மாயெஸ்த்ரோ', பெண்ணானால் 'மாயெஸ்த்ரா' என்று எழுதினால்தான் வாசகர் நேராக நிமிர்ந்து உட்கார்வார்.

வழிகாட்டியில்தான் நான் வெகுநேரம் தயங்கினேன். 'கீயா' என்பது நேர்ச்சொல். மலையேற்றத்துக்கும் சுற்றுலாவுக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. சிக்கல் என்னவென்றால், பெண் வழிகாட்டியைச் சொல்லும் 'லா கீயா' வழிகாட்டி நூலையும் குறிக்கும் என்பதால், "லா கீயாவைப் பார்த்தேன்" என்பவர் ஆளைப் பார்த்தாரா புத்தகத்தைப் பார்த்தாரா என்பது தெரியாது. படிப்பிலும் வேலையிலும் ஒருவரைக் கைதூக்கிவிடும் மூத்தவருக்கு 'மென்தோர்', 'மென்தோரா' என்பதையே முதலில் வையுங்கள். கிரேக்கக் காவிய நாயகன் ஓதிசியுஸ் போருக்குப் போகும்போது தன் வீட்டை நம்பி ஒப்படைத்த நண்பரின் பெயர் அது. மகன் தெலெமாக்கசுக்குத் துணைவர அதீனா தேவி எடுத்த உருவமும் அவருடையதே. பிறப்பால் கிரேக்கமானாலும் ஸ்பானிய நாவில் நன்றாகப் பழகிய சொல்.

கடைசியாக, துதோரை நான் முழுவதும் விரட்டிவிடச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஸ்பானியத் தோட்டக்காரர்கள் இளஞ்செடி சாயாமல் வளர அதன் அடியில் ஊன்றிக் கட்டும் குச்சியையும் துதோர் என்றே சொல்கிறார்கள். உங்கள் வரைவில் வேளாண்மைப் பகுதியில் கொழுகொம்பு என்ற சொல்லுக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது. கல்விப் பகுதியில் டியூஷன் மாஸ்டருக்கு எதிரே உள்ள துதோரை அடித்துவிட்டு, அங்கே கொண்டுபோய் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு ஸ்பானிய ஆசிரியர்