அந்த மூடியைத் தனியாகத் தூக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பீரோ ஏற்றுவதற்காகப் பிக்கப்பின் பின்பக்கச் சரக்குத் தொட்டியை மேலே மூடியிருக்கும் மூடியைக் கழற்றப் போவதாகப் போனில் சொன்னாய். "நானே பார்த்துக்கொள்கிறேன்ப்பா" என்றாய். பார்த்துக்கொள்வாய், தெரியும். ஆனால் இந்த ஒரு வேலையை மட்டும் தனியாகச் செய்யாதே. போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

உன் வண்டியில் இருப்பது ஒரே துண்டாக வார்த்த ஃபைபர் மூடி. இவை நல்ல கனமாக இருக்கும். எடைகூடப் பரவாயில்லை, அகலம்தான் சிக்கல். ஒன்றரை மீட்டர் அகலமானதைக் கையை விரித்துப் பிடிக்கும்போது பாரம் உடம்பை விட்டுத் தள்ளி நிற்கும், முதுகுதான் வாங்கிக்கட்டும். காற்று அடித்தாலோ கப்பல் பாய்போல ஆளையே இழுத்துக்கொண்டு போகும். காற்று நாளில் தொடவே தொடாதே. மூலைக்கு ஒருவராக நான்கு பேர் வேண்டும். இரண்டு பேர் போதும் என்று யாராவது சொல்வார்கள். தூக்கிவிடலாம்தான், ஆனால் இறக்கி வைக்கும்போது விரல் மாட்டிக்கொள்ளும்.

மூடியில் கை வைக்கும் முன் அது போய் உட்கார வேண்டிய இடத்தைத் தயார் செய்துவிடு. நான்கு பேர் கையில் பிடித்துக்கொண்டு "எங்கே வைக்க?" என்று சுற்றிப் பார்க்கும் நேரத்தில்தான் நழுவும்.

இனி கழற்றும் வரிசை. மூடியைத் தொட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளும் கீல்களும் எங்கே இருக்கின்றன என்று டேப் ஒட்டிக் குறித்து, போட்டோவும் எடுத்துக்கொள். திரும்ப மாட்டும்போது அரை நாள் மிச்சமாகும். மூடியைத் திறந்து, உள்ளே விளக்கோ மின்பூட்டோ இருந்தால் அதன் வயர் கனெக்டரை முதலில் பிரித்துவிடு. எல்லாரும் மறப்பது இதைத்தான். மூடியைத் தூக்கும் வேகத்தில் வயர் அறுந்துவிடும்.

அப்புறம் மூடியைத் தாங்கி நிற்கும் இரண்டு கேஸ் தண்டுகள். இங்கே நிதானமாக இரு. உள்ளே அழுத்தி அடைத்த வாயு இருக்கிறது. மூடி முழுதாகத் திறந்து, தண்டு முழுதாக நீண்டிருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். அதற்கு முன்பே இரண்டு பக்கமும் ஆள் மூடியைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒரு தண்டைக் கழற்றியதுமே மூடி ஒரு பக்கமாக முறுக்கும், இரண்டாவதும் போனால் மொத்தப் பாரமும் கைக்கு வரும். தண்டின் முனையில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவரால் அதை லேசாக நெம்பினால் தண்டு மாட்டியிருக்கும் உருண்டை முனையிலிருந்து கழன்றுவிடும். கிளிப்பை முழுதாகப் பிடுங்காதே, தொலைந்துபோகும். தண்டைத் துளைப்பது, சூடாக்குவது எல்லாம் கூடவே கூடாது.

பிறகு மூடியை மெதுவாகச் சாத்தி, கிளாம்புகளையும் கீல்களையும் கழற்றி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி எல்லாரும் ஒன்றாக நேர் மேலே தூக்குங்கள். இழுக்கக் கூடாது. இழுத்தால் விளிம்பில் உள்ள ரப்பர் பீடிங் கிழியும், தொட்டியின் பெயிண்டும் உரிந்துவிடும். கேபின் பக்கத்து இரண்டு மூலைகள்தான் எட்டாது, அங்கே உயரமான ஆட்களை நிறுத்து.

வைக்கும் விதம் இன்னும் முக்கியம். பெயிண்ட் பக்கம் தரையில் படும்படி கவிழ்க்காதே. பழைய கம்பளம் சுற்றிய இரண்டு மரத் தாங்கிகள் மேல், வண்டியில் உட்கார்ந்திருந்த மாதிரியே படுக்க வை. தாங்கி ரப்பருக்கு உள்பக்கமாக வரட்டும். ரப்பர் மேலேயே பாரம் நின்றால் அது தட்டையாகி, அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும். இடம் இல்லையென்றால் நீள விளிம்பில் நிமிர்த்தி, கீழே மெத்தென்று எதையாவது போட்டு, சுவரோடு இரண்டு இடத்தில் பெல்ட்டால் கட்டு. வெறுமனே சாய்த்து வைத்துவிட்டுப் போகாதே, குழந்தைகள் வரும் இடம். மேலே பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், ஈரம் தங்கி பெயிண்டில் திட்டு விழும். பருத்தித் துணி போதும். நட்டு போல்ட் எல்லாம் ஒரு பையில் போட்டு மூடியின் உள்பக்கமே கட்டிவிடு.

கூரையில் கப்பி மாட்டி, கைப்பிடியால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சால் தூக்கிவிடலாமா என்று கேட்டாய். அடிக்கடி கழற்றுவதாக இருந்தால் அதுதான் நல்ல வழி. வண்டியை நேர் கீழே நிறுத்தி, நான்கு மூலையிலும் பட்டை மாட்டி, சில செ.மீ. தூக்கிச் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் வண்டியை வெளியே எடுக்கலாம். ஆனால் கைப்பிடியை விட்டாலும் நின்றுகொள்ளும் பிரேக் உள்ள வின்ச்தான் வாங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் பலகையில் கொக்கி நிற்காது, உத்தரத்திலோ கான்கிரீட்டிலோதான் போட வேண்டும். தொங்கவிட்டே வைப்பதானால் தனியாக ஒரு சங்கிலியும் போடு. அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் கழற்ற வேண்டியிருந்தால் இந்த மூடி உனக்குச் சரிப்படாது. விற்றுவிட்டு, சுருட்டி வைக்கும் துணி மூடி வாங்கிவிடு. பூட்டுப் பாதுகாப்பு குறைவுதான், ஆனால் உன் முதுகு பிழைக்கும்.

திரும்ப மாட்டியதும் கிளாம்புகளை ஒரே பக்கமாக முறுக்காமல் மாற்றி மாற்றி இறுக்கு. சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார். குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக் கசிகிறதா என்றும் பார்த்துவிடு.

வின்ச் வாங்கும் முன் கூரையைப் போட்டோ எடுத்து அனுப்பு, உத்தரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்படி. அம்மாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா