கைகொடுக்கச் சொன்னால் சீண்டல் நிற்காது

ஆசிரியர் அவர்கட்கு,

ஆரம்பப் பிரிவு வகுப்புகளில் பிள்ளைகள் பிள்ளைகளுக்கே செய்யும் கொடுமை பற்றிச் சில விடயங்களை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம். வன்னிப் பாடசாலைகள் பலவற்றில் இதற்கென்று நடப்பது ஒரு நாள் நிகழ்ச்சிதான். காலைக் கூட்டத்தில் அன்பு பற்றி ஒரு பேச்சு, சுவரில் ஒரு பதாகை, சித்திரப் போட்டி, பரிசு, படம். அடுத்த நாள் இடைவேளையில் குழாயடி வரிசையிலிருந்து அதே பிள்ளையை அதே பிள்ளைகள் தள்ளிவிடுகிறார்கள். அன்பாக இருக்கவேண்டும் என்பது ஏழு வயதில் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் எங்கே போய் நிற்பது, வாயைத் திறந்து என்ன சொல்வது என்பதுதான் தெரியாது. அதைக் கூட்டல் கழித்தலைப் போல நாளுக்கு நாள் பழக்கவேண்டும்.

சண்டையையும் சீண்டலையும் ஆசிரியர் முதலில் பிரித்தறிய வேண்டும். சம பலமுள்ள இருவர் பந்துக்காகக் கட்டிப்புரண்டால் அது சண்டை. ஒரே பிள்ளையை வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, அது எதிர்த்து நிற்க முடியாத நிலையில் வைத்து நோகடித்தால் அது சீண்டல். நோர்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வியஸ் வகுத்த அடையாளங்கள் இவை. 1983 இல் அந்த நாட்டில் தொடங்கிய நாடளாவிய தடுப்பு வேலைக்கும் இவரது ஆய்வுகளே அடிப்படை.

இதைப் பிரித்தறியாததால் வரும் பெரிய தவறு நம் பாடசாலைகளில் அன்றாடம் நடக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் மேசைக்கு முன்னால் நிறுத்தி, "ரெண்டு பேரும் கைகுடுங்கோ, இனிக் கூட்டு" என்று இரண்டு நிமிடத்தில் முடித்து அனுப்புகிறோம். சண்டையென்றால் அது பலன் தரும். சீண்டலில் அது நோகடித்த பிள்ளைக்கே வெற்றி. நோகடிக்கப்பட்ட பிள்ளை, தன்னை அடித்தவரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லப் பயந்து "ஒண்டுமில்லை ரீச்சர்" என்று சொல்லிவிடும். ஆசிரியரிடம் போனால் தன் பங்குக்குத் தானும் கைகொடுத்து மன்னிப்புக் கேட்கவேண்டி வரும் என்பதையும் அன்றே படித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அது சொல்லவே வராது. வகுப்பு அமைதியாகிவிட்டது என்று நாமும் நினைத்துக்கொள்வோம்.

வன்னியில் சீண்டலுக்குக் காரணமாவது எது என்பதையும் ஒளிக்காமல் பேசவேண்டும். போரில் கையோ காலோ பார்வையோ இழந்த தகப்பனின் காயமே பிள்ளையின் பட்டப்பெயராகிறது. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைக்கூட இன்றும் இழிசொல்லால் அழைக்கிறார்கள். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போக அம்மம்மாவுடன் வளரும் பிள்ளை, தலையில் பேன் உள்ள பிள்ளை, வெள்ளைச் சட்டை பழுப்பேறிய பிள்ளை, கொன்னைப் பேச்சுள்ள பிள்ளை, இவர்கள்தான் குறி. இந்தச் சொற்களில் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் வாயிலிருந்து பொறுக்கியிருக்கிறார்கள். எனவே "அப்படிச் சொல்லக்கூடாது" என்று பொதுவாகச் சொல்லி விடாமல், எந்தச் சொல் இந்த வகுப்பில் ஒலிக்கக்கூடாது என்று ஆசிரியர் திட்டமாகச் சொல்லவேண்டும். சொல்லும்போது எந்தப் பிள்ளையையும் பார்க்கக்கூடாது; வகுப்பின் கண்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

அடுத்தது எங்கே நடக்கிறது என்று கண்டறிவது. தரம் 3 முதல் மேலுள்ள பிள்ளைகளுக்கு இது எளிது. பாடசாலை வளவின் வரைபடத்தை அரைத் தாளில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, பயமில்லாத இடத்துக்குப் பச்சைப் புள்ளியும் பயமான இடத்துக்குச் சிவப்புப் புள்ளியும் வைக்கச் சொல்லுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை. ஒரே டிமைத்தாளில் எல்லாரையும் ஒட்டவிட்டால் முதல் பிள்ளை வைத்த இடத்திலேயே மற்றவர்களும் வைப்பார்கள். தாள்களை அடுக்கிப் பார்த்தால் சிவப்பு சேரும் இடங்கள் இரண்டு மூன்றுதான் இருக்கும்: பெரும்பாலும் மலசலகூடத்தின் பின்புறம், குழாயடி, சைக்கிள் நிறுத்துமிடம், படலைக்கு வெளியே வீதி. இடைவேளையில் அங்கே ஒரு பெரியவர் நின்றாலே பாதி குறையும். தவணைக்கு ஒருமுறை, "ஆரோட விளையாட விருப்பம்?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்டு மூன்று பெயர்களைக் குறித்துக்கொள்வதும் பயன்தரும். எவருடைய பட்டியலிலும் வராத பிள்ளை எது என்று தெரிந்துவிடும். யாரைப் பிடிக்காது என்று மட்டும் ஒருபோதும் கேட்கவேண்டாம். அந்தக் கேள்வியே வகுப்பில் ஒரு பட்டியலை உருவாக்கிவிடும்.

விளையாட்டுக்கு இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் பொறுக்கவிடும் வழக்கத்தை இன்றே கைவிடலாம். கடைசியாக மிஞ்சுவது என்றும் அதே பிள்ளைதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணவைத்துக் குழு பிரித்தால் போதும்.

இனிக் கற்பித்தல். அதிகம் பலன் தருவது பார்த்து நிற்கும் பிள்ளைகளைப் பழக்குவதுதான். ரொறன்ரோ பாடசாலைகளில் கமராவும் பிள்ளைகளின் உடையில் ஒலிவாங்கியும் வைத்துப் பதிவுசெய்து, 2001 இல் வெளியான ஆய்வொன்று இருக்கிறது. சீண்டல் நடந்த பத்தில் எட்டுக்கு மேற்பட்ட வேளைகளில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள். யாரேனும் தலையிட்டது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் தலையிட்ட வேளைகளில் பாதிக்கு மேல் பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றிருக்கிறது. அந்தப் பத்து விநாடிக்குரிய வார்த்தையைப் பிள்ளையின் வாயில் வைப்பதே நமது வேலை.

வாரத்தில் இரண்டு நாள், பதினைந்து நிமிடம் போதும். தாய்மொழிப் பாடத்திலோ சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளிலோ இதற்கு இடமுண்டு. முதல் வாரம் எளிய நிலைமை: ஒரு பிள்ளை மரத்தடியில் தனியே இருக்கிறது. "இஞ்ச வா, எங்கட பக்கம் ஒராள் குறையுது" என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, நடந்து போய், சொல்லிப் பார்க்கவேண்டும். இருந்த இடத்திலிருந்து எல்லாரும் சேர்ந்து கத்தினால் அது பாட்டாகிவிடும். இடைவேளையில் வாயில் வராது. இரண்டாம் வாரம் பட்டப்பெயர்: "அவனுக்குப் பேர் இருக்கு" என்று சொல்லிவிட்டு, நோகடிக்கப்படும் பிள்ளையிடம் "வா, நாங்கள் போவம்" என்று கூட்டிப்போவது. நிற்கும் இடமும் முக்கியம். நோகடிப்பவருக்கு முகத்துக்கு முகம் நிற்காமல், நோகடிக்கப்படும் பிள்ளையின் தோளோடு தோள் நிற்கப் பழக்குங்கள். மூன்றாம் வாரம் பறிப்பது, ஒளிப்பது: கொப்பி, தண்ணீர்ப் போத்தல், சப்பாத்து. அடி விழுந்தாலோ, பெரிய வகுப்புப் பிள்ளை சம்பந்தப்பட்டாலோ யாரும் குறுக்கே போகக்கூடாது, ஓடிவந்து பெரியவரைக் கூப்பிடவேண்டும் என்பதையும் இதே முறையில் பழக்கவேண்டும். கூச்சமுள்ள பிள்ளைக்கு இன்னொரு வேலை கொடுக்கலாம்: எல்லாம் முடிந்தபின் போய்ப் பக்கத்தில் இருப்பது.

இந்த நடிப்பில் இரண்டு விடயங்கள் பிழைத்துப் போகும். நோகடிக்கும் பாத்திரத்தைப் பிள்ளையிடம் கொடுத்தால், மற்றவர்கள் சிரிப்பார்கள், அது இன்னும் கூட்டிச் செய்யும், வகுப்பு சீண்டலைத்தான் கற்கும். அந்தப் பாத்திரத்தை ஆசிரியரே எடுக்கவேண்டும், அல்லது கைப்பொம்மைக்குக் கொடுக்கவேண்டும். வகுப்பில் உண்மையாக நடந்ததை அப்படியே நடிக்கவைப்பது மற்றத் தவறு. காயப்பட்ட பிள்ளை எல்லார் முன்னும் மறுபடி காயப்படும்.

நல்ல செயலுக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டவணையையும் நாங்கள் விரும்புவதில்லை. ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் அன்பு பெருகும், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே நட்சத்திரம் சேரும். "நீ உன்ர குடைக்குள்ள தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தனான்" என்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கச் சொல்வது அதைவிடப் பெரிது.

சீண்டல் நடந்ததாகத் தெரிந்தால் நோகடிக்கப்பட்ட பிள்ளையை அன்றே தனியே கேட்கவேண்டும். நாள், இடம், செய்தது, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாவற்றையும் பிள்ளையின் சொல்லிலேயே ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்றாவது பதிவில் ஒரு கோலம் புலப்படும். பிறகு செய்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். கூட்டமாக நிறுத்தினால் ஒருவரை ஒருவர் பார்த்துத் துணிவு பெறுவார்கள். வாயளவு மன்னிப்பை வற்புறுத்தாமல், கெடுத்ததைச் சரிசெய்ய என்ன செய்யப்போகிறாய் என்று கேளுங்கள்: கிழித்த கொப்பியை எழுதிக் கொடுப்பது, பரப்பிய பெயரை நிறுத்தச் சொல்லி மற்றவர்களிடம் போவது. அடுத்த நாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் நோகடிக்கப்பட்ட பிள்ளையிடம் திரும்பப் போய்க் கேட்கவேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். "கோள் சொல்லாத" என்று ஒருமுறை அதட்டிய ஆசிரியரிடம் இந்த வேலை எதுவுமே தொடங்காது. பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ என்றால் அதிபரோடு நிறுத்தாமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கவேண்டும்.

பிரம்பு உதவாது. உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை தடைசெய்கிறது. அது ஒருபுறமிருக்க, அடி வாங்கிய பிள்ளை அந்த அடியைத் தனக்குக் கீழுள்ள பிள்ளையிடம் வீதியில் இறக்கும். "திருப்பி அடி" என்று அனுப்பும் பெற்றோரிடமும் இதைச் சொல்லவேண்டும். திருப்பி அடிக்க முடிந்த பிள்ளை ஆரம்பத்திலேயே குறியாகியிராது. ஆசிரியரின் வாய்க்கும் இதில் பங்குண்டு. "மொக்கு" என்று நாம் ஒருதரம் சொன்னால் வகுப்பு வருடம் முழுவதும் சொல்லும். தரம் 5 புலமைப்பரிசிலுக்காக மாதிரிப் பரீட்சைப் புள்ளிகளை உரத்து வாசித்து, அதன்படி வாங்கில் இருத்தும் வகுப்புகளில் யாரை ஏளனம் செய்யலாம் என்று ஆசிரியரே காட்டிக் கொடுக்கிறார்.

ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துப் படிப்பிக்கும் சிறிய பாடசாலைகள் துணுக்காய், மடு, வவுனியா வடக்கு வலயங்களில் இருக்கின்றன. அங்கே பெரிய பிள்ளைகள் சிறியவர்களை அடக்குவது எளிது. தரம் 5 பிள்ளை ஒன்றுக்குத் தரம் 1 பிள்ளை ஒன்றைப் பொறுப்பாக்கி, ஒரே ஊர்ப்பக்கம் போகும் பிள்ளைகளைக் குழுவாக அனுப்பினால் வாய்க்கால் கட்டிலும் காட்டுப் பாதையிலும் நடப்பது குறையும். சோடியை ஆசிரியரே தெரிவுசெய்து, மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் பொறுப்பு அதிகாரமாகிவிடும்.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் ஒரு வேண்டுகோள். பதாகையின் படத்தையும் கலந்துகொண்டோர் தொகையையும் கேட்கும் அறிக்கைப் படிவத்தை மாற்றுங்கள். சிவப்புப் புள்ளி கூடிய இடத்தில் இடைவேளைக்கு யார் நிற்கிறார், பதிவுக் கொப்பியில் இந்தத் தவணை எத்தனை பதிவுகள், ஒரு மாதம் கழித்து மீளக் கேட்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை என்று கேளுங்கள். பதிவுகள் கூடிய பாடசாலையைத் தயவுசெய்து குறைசொல்ல வேண்டாம். குறைசொன்னால் அடுத்த தவணை அந்தக் கொப்பி வெறுமையாகத்தான் வரும்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி.