1939 ரூபாயை வாங்குமுன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பின படம் கிடைத்தது. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட பழைய இந்திய வெள்ளி ரூபாய், 1939. புதுசு போல மினுங்குது. விற்கிறவர் அந்த மினுக்கத்தைத்தான் பெருமையாகச் சொல்லியிருப்பார். அந்தக் காலத்து வெள்ளி இப்படி வெள்ளை வெளேரென்று இருந்தால் முதலில் சந்தேகப்பட வேணும். காசு உன் கைக்கு வந்து நீயே நிறுத்துப் பார்க்கும்வரை ஒரு டொலரும் கொடுக்காதே.

1938 ரூபாய் எங்கும் கிடைக்கும், 1939 அருமை. இரண்டுக்கும் ஒரே தலை, ஒரே வெள்ளி, ஒரே எடை. கடைசி இலக்கம் மட்டும் வேறு. 8இன் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டிவிட்டால் 9 வந்துவிடும். எடையும் சரிவரும், வெள்ளியும் சரிவரும், பொய் அந்த ஒரு இலக்கத்தில் ஒளிந்திருக்கும். தட்டார் கண்ணில் இடுக்கிப் பார்க்கிற மாதிரி 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கு. அந்த ஆண்டுக்குள்ளேயே உனக்குச் சாட்சி இருக்கு: இன்னொரு 9. இரண்டாவது இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் மாறி மாறிப் பார். வால் தடிப்பாய் இருக்குதோ, உயரம் குறைவோ, வளைவு வேறோ என்று கவனி. பிறகு காசைச் சரித்து, ஒற்றை விளக்கின் கீழ், கடைசி 9ஐச் சுற்றியுள்ள தட்டையான இடத்தைப் பார். சுரண்டின இடத்தில் நுண்ணிய கீறல்கள் ஒரே பக்கமாய் ஓடும். வேறிடத்தில் உள்ள ஒளி அங்கே வந்து அறுபடும். அதை மறைக்கத்தான் சிலர் முழுக்காசையும் மினுக்கி விடுகிறது.

அடுத்தது தராசு. 0.01 கிராம் காட்டுகிற சின்ன மின்தராசு போதும். பழைய இந்திய ரூபாய் சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. நன்றாய்ப் புழங்கித் தேய்ந்தது 11.4 வரை இறங்கலாம். ஆனால் தேய்மானமே இல்லாத காசு 11.3 காட்டினால் வேறு விளக்கம் தேடாதே, திருப்பிக் கொடு.

எடை மட்டும் போதாது, தண்ணீரிலும் பார். பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கு. காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுக்க அமிழ்த்திப் பிடி. தராசு காட்டுகிறது காசு தள்ளிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் பிரி. நல்ல ரூபாய்க்குத் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும், பிரித்தால் 10.3 வரும். செம்பு நிக்கல் கலவை என்றால் தராசு 1.31க்குக் கிட்டக் காட்டும். காசில் காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்குப் பிழைக்கும். ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டால் ஒட்டாது. மூன்று தரம் செய்து பார்.

1940இலிருந்து ரூபாயில் வெள்ளி பாதிதான். எடை அதே 11.66, ஆனால் தண்ணீரில் 1.22 வரும், கணக்கு 9.5க்குக் கிட்ட நிற்கும். அந்தக் காசுகள் பலவற்றில் விளிம்பு வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். அப்படிப் பள்ளமுள்ள ஒன்றில் 1939 என்று இருந்தால் ஆண்டைத் திருத்தியிருக்கு. 1947 ரூபாய் முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது.

வார்த்த போலி பிடிபடுவது மேற்பரப்பில். எழுத்தின் ஓரம் மழுங்கி, சோப்பில் செதுக்கினது போல இருக்கும், நுண்குழிகள் தெரியும், விளிம்பில் இரண்டு அச்சுச் சேர்ந்த கோட்டை அரத்தால் அராவின தடம் இருக்கும். விரல் நுனியில் வைத்து இன்னொரு காசால் மெல்லத் தட்டினால் வெள்ளி நீளமாய் இசைக்கும், ஈயம் “டொக்” என்று நிற்கும். ஆனால் நல்ல காசும் வெடிப்பு இருந்தால், அல்லது பதக்கத்துக்கு ஒட்டுப்போட்டிருந்தால், ஊமையாய்த்தான் கேட்கும். நிலத்தில் போட்டுச் சத்தம் கேட்கிற பழக்கம் வேண்டாம், விளிம்பு நசியும். இப்போது நல்ல வெள்ளியிலேயே அச்சடிக்கிற போலியும் வருகிறது. அதற்கு எடையும் சத்தமும் உதவாது. நிச்சயம் நல்லதென்று தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாய் ஒப்பிடுவதுதான் வழி.

தரம் வேறு கதை. முதலில் தேய்வது மேடான இடங்கள்: புருவம், காதுக்கு மேலுள்ள மயிர், முடியின் கற்கள். விக்டோரியா காசில் சட்டைப் பூவேலையையும், ஐந்தாம் ஜோர்ஜில் மார்பிலுள்ள யானையையும் பார். (அந்த யானை 1911இல் பன்றி மாதிரி விழுந்து பெரிய பிரச்சினையாகி, அடுத்த வருஷம் திருத்தினார்கள். அதனாலேயே அந்த வருஷத்துக் காசுக்குக் கிராக்கி.) அச்சுச் சரியாக விழாத இடமும் தேய்ந்த இடம் போலத்தான் தெரியும். காசை மெல்லச் சுழற்று: ஒளி அந்த இடத்தின் மேலும் வழுக்கி ஓடினால் அச்சுக் குறை, அங்கே மங்கிச் சாம்பலாய் நின்றால் தேய்மானம். அங்கத்தைய தரச்சான்று நிறுவனங்கள் 70க்குப் புள்ளி போடுவார்கள். மினுக்கின காசுக்குப் புள்ளி இல்லை, “துலக்கியது” என்று எழுதித் திருப்பி விடுவார்கள்.

நம் ஆட்கள் இதில்தான் காசைக் கெடுக்கிறது. குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு என்று பழகின கை, பழைய ரூபாயையும் சும்மா விடாது. திருநீறு மென்மையாய்த் தெரிந்தாலும் லென்ஸில் பார்த்தால் மயிரிழைக் கீறல் ஆயிரம். கறுப்பு படிந்திருந்தால் இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறையால் பச்சைப் பிசுக்குப் பிடித்திருந்தால் மட்டும் சுத்தமான அசிற்றோனில் ஊறவிட்டு எடு, தேய்க்காதே. அடுக்குக்கு றப்பர் வளையம் போடாதே, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

நீ கேட்ட பழைய இலங்கை வெள்ளி ஐம்பது சதக் காசுகள் எல்லாம் ஒரே பெறுமதி இல்லை. 1917 வரை 80 வீதம் வெள்ளி, 1919இலிருந்து 55 வீதம். இரண்டும் 5.83 கிராம் என்பதால் ஆண்டைப் பார்த்துத்தான் பிரிக்க வேணும். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளுக்குக் கொண்டுபோனால் உரைகல்லில் தேய்த்து வெள்ளி விலை சொல்வார்கள், ஆகையால் கொண்டுபோகவில்லை. அம்மம்மாவின் பதக்கத்திலிருந்த விக்டோரியா ரூபாயின் தலைமேல் விளிம்பில் ஒட்டுத்தடம் இருக்கு. அது சேர்ப்போருக்கு உதவாது, உனக்கென்று வைத்திருக்கிறேன்.

1939இன் கடைசி இலக்கத்தையும் விளிம்பையும் கிட்டப் பிடித்து, பக்க வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. தராசு காட்டினதையும் எழுது.

அப்பா
யாழ்ப்பாணம்