ஆண்டறிக்கை 2024: நமது சிறு கற்றமரான் பாய்ப்படகுச் சங்கம், ரொறன்ரோ

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் குடும்பத்தோடு வந்து அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். கணக்கறிக்கையைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். தண்ணீரிலும் கரையிலும் இந்த வருடம் நடந்ததை நான் சொல்கிறேன்.

மே மாதம் 27 உறுப்பினர்களோடு தொடங்கினோம். ஒக்ரோபரில் படகுகளை மூடிக் கட்டும்போது 31 பேர் இருந்தோம். புதிதாக வந்தவர்களில் மூன்று பேர் பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகள். இதை எழுதும்போதே எனக்கு மனம் நிறைகிறது. இரண்டு ஓடங்களைச் சேர்த்துப் பூட்டிய கற்றமரான் படகுகளில் சங்கத்தின் கையில் இப்போது ஐந்து ஹோபி 16, இரண்டு ஹோபி வேவ், ஒரு பழைய நாக்ரா 5.2 இருக்கின்றன. வேவ் படகுகள் பழகுகிறவர்களுக்கு. ஒரே பாய், தடித்த பிளாஸ்ரிக் உடல், மணலிலும் கல்லிலும் இழுத்தாலும் கலங்காது. நாக்ராவின் பாய்மரக் கம்பிகள் மாற்றப்படும்வரை அதை யாரும் இறக்கவேண்டாம்.

ஒன்ராறியோ ஏரி மே மாதத்தில் ஆளை ஏமாற்றும். கரையில் ரீசேட்டோடு நிற்கலாம்; தண்ணீரில் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் விரல் மடங்காது, கயிறு பிடிக்க முடியாது. அதனால் ஈரக் குளிருக்கான உடுப்பு இல்லாதவர்களை நாங்கள் இறங்கவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரைக் கரையிலேயே நிறுத்தியதில் மனவருத்தம் வந்தது. அவர்கள் தூரத்தில் இருந்து வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த மே மாதமும் இதையேதான் செய்வோம்.

இனி, ஒன்ராறியோ ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் கிங்ஸ்டனுக்குப் போட்டிக்குப் போன பயணம். இந்த அறிக்கையில் பெரிய பங்கு அதுதான்.

யூலையில் மூன்று படகுகளை ட்ரெயிலரில் ஏற்றி, ஆறு ஓட்டிகளும் நான்கு குடும்பங்களுமாகப் போனோம். கிங்ஸ்டன் சும்மா ஊர் இல்லை. 1976இல் மொன்றியலில் ஒலிம்பிக் நடந்தபோது பாய்ப்படகுப் போட்டிகளை அங்கேதான் வைத்தார்கள். ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஒரு கற்றமரான், டொர்னாடோ, ஓடியதும் அந்தத் தண்ணீரில்தான். பிரித்தானியாவின் ரெஜ் வைற்றும் ஜோன் ஒஸ்போனும் தங்கம் வென்றார்கள். டொர்னாடோ 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. 2012இல் இலண்டனில் கற்றமரானே இல்லை. 2016இல் ரியோவில் நாக்ரா 17 வந்தது, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்டும் படகாக. முதல் நாள் காலை துறைமுகத்தில் நின்று இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, சின்னவள் ஒருத்தி, "அப்ப நானும் ஓடலாமா?" என்று கேட்டாள். ஓடலாம் பிள்ளை.

மத்தியானம் தென்மேற்குக் காற்று ஏறியது. கோடையில் கிங்ஸ்டனுக்கு அந்தக் காற்றுத்தான் பேர். எங்கள் மூன்று படகில் ஒன்றை இரண்டு பெண் பிள்ளைகள் ஓட்டினார்கள். முதல் ஓட்டத்துக்கு வரிசை கட்டும்போதே அவர்களின் படகு வலது பக்கம் சாய்ந்து கனத்துக்கொண்டு போனது. கரையில் நின்ற எங்களுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் ஓடிய ஒரு படகில் இருந்த இரண்டு பேருக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் அறுபது வயது இருக்கும். நாங்கள் அதற்கு முன் அவர்களைக் கண்டதில்லை. ஓடத்தின் பின்புறத்தில் உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கும் ஓட்டை ஒன்று உண்டு. அதற்கான அடைப்பு இல்லை. ஏரி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

தொடக்கக் கொடி ஏற இரண்டு நிமிடம்கூட இல்லை. அவர்கள் வரிசையை விட்டு விலகிவந்தார்கள். ஒருவர் தண்ணீரில் குதித்து எங்கள் படகில் ஏறி, இரண்டு ஓடங்களுக்கும் இடையில் கட்டிய நடுவலையில் குப்புறப் படுத்து, கையைப் பின்னால் நீட்டி, சுக்கானுக்குப் பக்கத்தில் அந்த ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கரை சேரும்வரை கையை எடுக்கவில்லை. அலை ஒவ்வொன்றும் அவருடைய முகத்தில் அடித்தது. மற்றவர் தனியாளாகத் தங்கள் படகைக் கொண்டுவந்து சேர்த்தார். எட்டுப் பேர் சேர்ந்து படகின் முன்புறமான அணியத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கினோம். உள்ளே போயிருந்த தண்ணீர் கொட்டி முடிய நெடுநேரம் எடுத்தது. அப்புறம் அந்த மனிதர் தன்னுடைய பையைத் துழாவி ஓர் அடைப்பை எடுத்து, திருகி, இறுக்கிப் பார்த்து, "சரி, போங்கோ" என்கிற மாதிரி படகைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தப் படகைக் காலையில் சரிபார்த்தவன் நான். அந்தப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் அன்றே மன்னிப்புக் கேட்டேன்; சபையிலும் கேட்கிறேன். இப்போது நம் சங்கத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது: படகை இறக்க முன்னர் ஓட்டிகள் இரண்டு பேரும் இரண்டு அடைப்பையும் கையால் தொட்டு, "இடது இருக்கு, வலது இருக்கு" என்று சத்தமாகச் சொல்லவேண்டும். சொல்லாமல் யாரும் தள்ளக்கூடாது.

பாய்ப்படகுப் போட்டி விதிப் புத்தகத்தில் முதல் விதியே, ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த எல்லா உதவியும் செய்யவேண்டும் என்பதுதான். உதவப் போய் இடத்தை இழந்தவருக்கு ஈடு கொடுக்கவும் விதி இருக்கிறது. நாங்கள் போய் நடுவர் குழுவிடம் சொன்னோம். உதவிய அந்த இரண்டு பேருக்கும் மற்ற ஓட்டங்களின் சராசரிப் புள்ளி கிடைத்தது. அவர்கள் தாங்களாகக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஓகஸ்ட் கூட்டத்தில் வந்த பிரேரணை உங்களுக்கு நினைவிருக்கும்: சங்கம் இனி ஃபோர்மூலா 18 வகைக்குப் போகவேண்டும் என்று இரண்டு தம்பிமார் கேட்டிருந்தார்கள். நல்ல படகுதான். 5.52 மீற்றர் நீளம், 2.6 மீற்றர் அகலம், 180 கிலோ. இந்த எல்லைக்குள் எந்த நிறுவனமும் தன் யோசனைப்படி கட்டலாம். முன்னால் பெரிய பலூன் பாய், கீழே இறக்கும் பலகை, வேகமும் கூட. அல்லது வேறுவேறு வகைகளை வைத்துக்கொண்டு நேரக் கணக்கில் ஓடலாம் என்றும் ஒரு கருத்து வந்தது. வட அமெரிக்காவில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் இருக்கிறது: ஹோபி 16க்கு 76ஐ ஒட்டி, ஃபோர்மூலா 18க்கு 62ஐ ஒட்டி. ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பிரித்து நூறால் பெருக்கவேண்டும். அதாவது ஃபோர்மூலா 18 ஒன்று 62 நிமிடத்தில் வந்தால், ஹோபி 16 ஒன்று 76 நிமிடத்தில் வந்தாலும் கிட்டத்தட்டச் சமம். நியாயமான முறைதான். ஆனால் யார் முந்தினார் என்று கரையில் நிற்கும் அம்மாவுக்குத் தெரியாது. பின்நேரம் ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்லவேண்டும்.

என் கருத்தைச் செயலாளர் என்ற முறையிலும் ஓட்டி என்ற முறையிலும் சொல்கிறேன். நாம் ஹோபி 16ஐ விடக்கூடாது. கலிபோர்னியாவில் அலைப்பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஓல்ரர் மணலில் இருந்தே தள்ளி ஓட்டுவதற்காகக் கொண்டுவந்த படகு அது. 5.05 மீற்றர், 145 கிலோ, நாலு பேர் தூக்கினால் நகரும். கீழே பலகை கிடையாது. வாழைக்காய் மாதிரி வளைந்த ஓடம்தான் பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கிறது. திருப்பம் எடுக்கச் சிரமப்படுத்தும், பின்காற்றில் மூக்கைக் குத்திக் குட்டிக்கரணமும் போடும். எல்லாம் உண்மை. ஆனால் ஐம்பது வருடத்துக்கு மேலாக அதே அச்சில் வருகிறது. அந்தப் பெரியவரின் பையில் இருந்த அடைப்பு நம் படகில் பொருந்தியது அதனால்தான். நம் சுக்கான் ஊசி முறிந்தால் எதிராளியின் ஊசி போதும். அவர்கள் பாயை எவ்வளவு இழுத்து ஓடினார்கள் என்று இரவில் கேட்டால், அந்தப் பதில் நமக்கும் அப்படியே உதவும். வேறுவேறு படகில் ஓடும்போது தோல்விக்குப் படகைச் சாட்டலாம். ஒரே படகென்றால் வென்றவரிடம் போய் "எப்படி?" என்று கேட்கத்தான் வேணும். அப்படிக் கேட்டுத்தான் நமக்கு இத்தனை சிநேகிதம் கிடைத்தது.

பாரம் குறைந்த பிள்ளைகள் கவலைப்படவேண்டாம். இந்த வகையில் இரண்டு ஓட்டிகளின் எடை சேர்ந்து குறைந்தது 129 கிலோ இருக்கவேண்டும். குறைந்தால் மிச்சத்துக்கு எடை ஏற்றுவார்கள். ஆகவே மெலிந்தவர்களுக்கு மேலதிக சாதகம் கிடையாது. கவிழ்ந்தால் நிமிர்த்துவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். அதற்கான பயிற்சியை யூனில் இரண்டு நாள் வைப்போம்.

கிங்ஸ்டனின் இரண்டாம் நாள் இரவை எழுதாமல் விட முடியாது. நம் குடும்பத்தினர் கொண்டுவந்த மிதிவெடி, றோல்ஸ் என்ற பொரித்த தின்பண்டங்கள் பத்து நிமிடத்தில் முடிந்துபோயின. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒருவர், கற்றமரான் என்பது உங்கள் மொழிச் சொல்லாமே என்று கேட்டார். நம் மூத்த உறுப்பினர், வல்வெட்டித்துறை அப்பு, ஒன்றும் பேசாமல் எழும்பிப்போய், கரையில் ஒதுங்கியிருந்த நாலு கட்டையைப் பொறுக்கி வந்தார். நடுவில் நீளமானதை வைத்தார். பாயை இழுக்கும் பழைய தாமான் கயிற்றைச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் காலால் உதைத்து இறுக்கி, ஈரக் கையால் முடிச்சைத் தடவிப் பார்த்தார். கட்டு, மரம், என்று இரண்டு சொல்லாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். இரட்டை ஓடம் பசிபிக் தீவுக்காரருடைய அறிவு, பேர் மட்டும் எங்களுடையது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்புறம், வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் பாய் விரித்து 1938இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸில் உள்ள குளோஸ்ரர் வரைக்கும் வந்துசேர்ந்த கதை. படகின் ஓட்டையைப் பொத்தியவர் அந்தச் சின்னக் கட்டுமரத்தைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்.

போட்டியில் நம் படகுகள் 9ஆம், 14ஆம், 17ஆம் இடம்.

பாதுகாப்பு பற்றி இன்னொன்று. நமது ஹோபி 16 பாய்மரங்களின் உச்சித் துண்டு அலுமினியம் இல்லை, மின்சாரம் கடத்தாத பொருள். மின்கம்பியில் முட்டி உயிர்கள் போனபிறகு வந்த மாற்றம் அது. ஆனாலும் கீழ்ப்பகுதி அலுமினியம்தான். வாகனத் தரிப்பிடத்தில் மேலே மின்கம்பி இருக்கிற பக்கத்தில் பாய்மரத்தை நிமிர்த்தவேண்டாம்.

படகு வைக்கும் இடத்தின் வாடகை இந்த வருடம் அறிவித்தல் இல்லாமல் கூட்டப்பட்டது. கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. ஆகவே சந்தா பற்றிப் பொருளாளர் அக்கா சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

வாக்கெடுப்புக்கு இரண்டு விடயம் வருகிறது: ஹோபி 16ஐயே சங்கத்தின் வகையாக வைத்திருப்பது, பாவித்த இரண்டு படகு வாங்குவது. மூன்று பெரிய பாய்களில் தையல் விட்டிருக்கிறது. தடித்த துணி தைக்கும் மெசின் வீட்டில் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கதையுங்கள். படகுகளை மே மாத நீண்ட வார இறுதிக்கு அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திறப்போம். அடைப்புகள் எல்லாம் என் வீட்டு மேசை இலாச்சியில் இருக்கின்றன, ஐந்து ஹோபி 16இன் பத்து ஓடத்துக்குப் பத்தும், மேலதிகமாக ஆறும்.

இங்ஙனம்,
செயலாளர்