பப்ளிக் ஹெல்த் படிப்பு: கேட்டவர்களுக்கு

வணக்கம். பிள்ளைகளுக்கு பப்ளிக் ஹெல்த்தில் (பொதுச் சுகாதாரம்) ஆர்வம் என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள், எல்லாருக்கும் பயன்படட்டுமே என்று இங்கேயே எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் பல கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டு வருட அரசுக் கல்லூரிகள்) இதற்கு டிரான்ஸ்ஃபர் பட்டம் உண்டு, அதாவது அங்கே முடித்துவிட்டு மீதியை நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் தொடரலாம். மொத்தம் 60 யூனிட் (பாட அளவு), முழுநேரமாகப் படித்தால் சுமார் இரண்டு வருடம், மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், வருமானம் குறைவான குடும்பம் என்றால் அந்தக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்ய ப்ராமிஸ் கிராண்ட் இருக்கிறது. தகுதிகளோடு முடித்தால் கால் ஸ்டேட்டில் (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) இடம் உறுதி, ஆனால் நாம் கேட்கும் வளாகத்திலேயே கிடைக்கும் என்று இல்லை. சான் ஹோசே வளாகம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பெற்றோர் (இந்தக் குழுவில் இருக்கிறோம்!) இதை இரண்டு முறை படிக்கவும்.

அப்புறம், இது நர்சிங் இல்லை, இதை முடித்து ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) தேர்வு எழுத முடியாது. நோய்கள் எப்படிப் பரவுகின்றன, ஒரு வட்டாரத்தில் மட்டும் ஆஸ்துமா ஏன் அதிகம் என்பது மாதிரிக் கேள்விகள்தான் இங்கே. புள்ளியியல் கட்டாயம், அதைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.

எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை அசிஸ்ட் டாட் ஆர்க் (assist.org) இணையதளத்தில் பார்த்துவிட்டு, கவுன்சிலரிடமும் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே படித்தவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.