'வேண்டாம்' என்ற பொத்தான் எங்கே?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அப்டேட்டுக்குப் பிறகு ஸ்மார்ட் டிவியில் வந்த விளம்பரம், பார்வைக் கண்காணிப்பு ஆகியவை குறித்த புகார்

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் ஸ்மார்ட் டிவியை முழுப் பணம் கொடுத்து வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். படத்திலோ ஒலியிலோ ஒரு குறையும் இல்லை. சென்ற வாரம் யாரையும் கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே இறங்கிக்கொண்ட அப்டேட்டைப் பற்றித்தான் இந்தப் புகார்.

மறுநாள் டிவியைப் போட்டால் முகப்புத் திரையின் மேல்பாதி முழுக்க விளம்பரம். நான் அடுக்கி வைத்திருந்த செயலிகளெல்லாம் கீழே போய்விட்டன. செட்-டாப் பெட்டி மாதிரி வெளிக் கருவிகளைச் செருகும் எச்.டி.எம்.ஐ. இணைப்புக்கு மாற முன்பு ரிமோட்டில் ஒரு தட்டு போதும்; இப்போது மெனுவுக்குள் மெனுவாகத் தேட வேண்டியிருக்கிறது. சரி, விளம்பரத்தையாவது பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். அடுத்து வந்த திரையை அப்படி விட முடியவில்லை.

"உங்கள் அனுபவத்தை மேம்படுத்த" என்று தொடங்கும் அந்தத் திரையில் இரண்டே பொத்தான்கள்: 'ஏற்கிறேன்', 'பிறகு'. 'வேண்டாம்' என்று ஒன்று கிடையாது. 'பிறகு' என்று அழுத்தினால் மறுநாள் அதே திரை வந்து நிற்கிறது. வீட்டில் யாராவது ஒருவர், நிகழ்ச்சி தொடங்கிவிடுமே என்ற அவசரத்தில் என்றாவது 'ஏற்கிறேன்' என்று அழுத்தத்தான் போகிறார். அதை வீட்டில் உள்ள எல்லோருடைய சம்மதமாகவும் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள்.

எதை ஏற்கச் சொல்கிறீர்கள் என்று தனியுரிமைக் கொள்கையைத் திறந்து படித்தேன். (எழுத்தின் அளவைப் பார்த்தால், யாரும் படித்துவிடக் கூடாது என்ற அக்கறை தெரிகிறது.) திரையில் ஓடும் காட்சியை அடிக்கடி மாதிரி எடுத்து, உங்கள் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று கண்டுபிடிக்கும் ஏ.சி.ஆர். தொழில்நுட்பம் அது. உங்கள் செயலிகளைத் தொடாமல், வெளியிலிருந்து இணைத்த பெட்டி வழியாகப் பார்த்தாலும் அது பதிவாகிறது.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், "இது விளம்பரத்துக்கு மட்டும்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தச் செய்தி சேனலை விடாமல் பார்க்கிறோம், யார் பேச்சு வந்தால் சேனலை மாற்றுகிறோம், தேர்தல் நேரத்தில் எந்த விவாதத்தை முடியும்வரை பார்த்தோம் என்பதெல்லாம் தெரிந்தால், இந்த வீட்டு ஓட்டு எந்தப் பக்கம் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பார்வைத் தரவை வைத்து வீடு பார்த்து அரசியல் விளம்பரம் காட்டும் வியாபாரம் அமெரிக்காவில் ஏற்கெனவே நடக்கிறது. வாக்குச்சாவடியில் மறைப்பு வைத்து ஓட்டுப் போடுகிறோம். அந்த மறைப்பை நீங்கள் எங்கள் வரவேற்பறையில் விலக்கப் பார்க்கிறீர்கள்.

இது புதிய தந்திரமும் இல்லை. விஸியோ என்ற டிவி நிறுவனம் 2014 முதல் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் உரிய சம்மதம் பெறாமல் பார்வைத் தரவு சேகரித்ததாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டார்கள். அங்கேயும் அந்த வசதிக்கு 'ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி' என்று, கண்காணிப்பு என்ற வாடையே இல்லாத பெயர்தான். உங்கள் 'அனுபவ மேம்பாடு' அதற்கு உடன்பிறப்பு. பிரான்சில் குக்கீகளை (நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள இணையதளங்கள் நம் கருவியில் போடும் சிறு கோப்புகள்) ஏற்க ஒரே சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்று வைத்திருந்ததற்காக, 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவிலும் நீங்கள் இதே மாடலை விற்கிறீர்கள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, அதைக் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்று அங்கே 2018 முதல் சட்டம் இருக்கிறது. ஆக, 'வேண்டாம்' பொத்தானைச் செய்யத் தெரியாமல் நீங்கள் விட்டுவிடவில்லை.

இணையத்தைத் துண்டித்துவிடுங்கள் என்பது உங்கள் ஊழியர் சொன்ன அடுத்த யோசனை. ஸ்மார்ட் டிவி என்று சொல்லி விற்றது நீங்கள்தானே?

எனக்கு வேண்டியது இவைதான். அந்தத் திரையில் 'வேண்டாம்' என்ற பொத்தான் வர வேண்டும். ஒருமுறை மறுத்தால் மறுபடி கேட்கக் கூடாது. முகப்பு விளம்பரத்தை அணைக்க வழி வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தனியாகக் கொடுங்கள். அதோடு விளம்பரத்தையும் சேர்த்துக் கட்டி, இரண்டையும் எடு அல்லது இரண்டையும் விடு என்று மிரட்டாதீர்கள். அப்புறம், இந்த டிவியிலிருந்து இதுவரை எடுத்த பார்வைத் தரவை அழித்து, அழித்ததாக எழுத்தில் உறுதி தாருங்கள். இவை முடியாதென்றால் டிவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுங்கள். நான் வாங்கியபோது பெட்டியில் அச்சிட்டிருந்த எதிலும் இந்த விளம்பரமோ கண்காணிப்போ இல்லை.

பதிலை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ மட்டும் அனுப்புங்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் அதையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். ரசீதின் நகலையும் அந்தத் திரையின் புகைப்படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்