அம்மாவுக்கு, இங்கிலாந்திலிருந்து ஒரு டிசம்பர் கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் இங்கே நல்ல சுகம். நீங்கள், அப்பா, தம்பி எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். "உங்க சபையில கிறிஸ்துமஸுக்கு என்னதான் செய்வாங்க?" என்று கேட்டீர்களே, போனில் சொல்லி மாளாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

சாதாரண ஞாயிறுகளில் இங்கே கோவில் பாதிகூட நிரம்பாது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தலை நரைத்தவர்கள். வந்த புதிதில் அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் அட்வெந்து, அதுதான் கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரம், நெருங்கிவிட்டால் இதே ஆட்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்! அதிலும் செய்வதெல்லாம் கோவிலுக்கு வராதவர்களுக்காக. நாம் கேரல் ரவுண்ட்ஸ் போனால் சபையார் வீடுகளுக்குத்தானே போவோம்? இவர்கள் முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி வார்டு, ரயில்வே ஸ்டேஷன் வாசல் என்று போய்ப் பாடுகிறார்கள். எல்லாம் மாலை எட்டு மணிக்குள் முடிந்துவிடும். நம்மைப்போல நடுராத்திரியில் கதவைத் தட்டினால் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு இலவசமாகச் சாமான் கொடுக்கிற உணவு வங்கிக்கு நவம்பரிலேயே சாமான் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அட்வெந்து காலண்டரில் பிள்ளைகள் தினம் ஒரு கதவைத் திறந்து சாக்லேட் எடுப்பார்கள் அல்லவா? இங்கே அதைத் தலைகீழாக்கி, தினம் ஒரு சாமானை வீட்டிலுள்ள பெட்டியில் போடுகிறோம். டிசம்பரில் தொடங்கினால் பண்டிகை முடிந்த பிறகுதான் போய்ச் சேரும், அதனால்தான் நவம்பர். சாமான் பிரிக்கிற வேலை எனக்கு. ஒவ்வொரு டின்னின் காலாவதித் தேதியையும் கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதி, வருஷவாரியாக அடுக்க வேண்டும். பாஸ்தாவும் பீன்ஸும் மலையாகக் குவியும். கெடாத பால், டின் இறைச்சி, ஷாம்பு, குழந்தை டயப்பர் இவற்றுக்குத்தான் தட்டுப்பாடு. பிள்ளைகளுக்கான பொம்மைகளை மட்டும் யாரும் சுற்றித் தரக்கூடாது. பளபளப்புக் காகிதமும் டேப்பும் தனியாகக் கொடுத்துவிடுவோம். பெற்ற தாயே தேர்ந்தெடுத்து, தன் கையால் சுற்றி, தன் பரிசாகக் கொடுக்கட்டும் என்று. இதை யோசித்தவர் யாரோ, அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

அப்புறம் கிறிஸ்டிங்கிள் என்று பிள்ளைகளுக்கான ஓர் ஆராதனை. ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம், அதுதான் உலகம். அதைச் சுற்றி ஒரு சிவப்பு ரிப்பன், அது இயேசுவின் இரத்தம். உச்சியில் மெழுகுவர்த்தி, பக்கங்களில் மிட்டாயும் உலர்திராட்சையும் குத்திய நான்கு குச்சிகள். ஜெர்மனியில் மொரேவியன் சபையார் 1747இல் தொடங்கிய வழக்கமாம். இங்கிலாந்துத் திருச்சபையில் 1968இல்தான், லிங்கன் பேராலயத்தில், பிள்ளைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நடத்தி ஆரம்பித்திருக்கிறார்கள். இன்றும் அந்த ஆராதனையின் காணிக்கை பிள்ளைகளுக்குத்தான். விளக்கை அணைத்து, குட்டிகள் எல்லாம் பழத்தை ஏந்தி நிற்கும்போது அழகுதான். ஆனால் பெரியவர்களுக்கு உயிர் கையில் இருக்காது. நீளமுடிக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் முன்பே ஜடை போட்டுவிட வேண்டும், அதுவும் என் பொறுப்பு!

ஒன்பது வேதபாடங்களை வாசித்து இடையிடையே பாடும் ஒன்பது பாடங்கள் ஆராதனை நம் கோவிலில் நடப்பது போலத்தான், சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. பாட்டு மட்டும் கொஞ்சம் இழுவை.

எனக்குப் பெரிதாகத் தெரிவது, தனியாக இருப்பவர்களுக்குச் சபையில் போடும் 25ஆம் தேதி மதியச் சாப்பாடு. அன்றைக்கு இங்கே ரயில் ஓடாது, பஸ்ஸும் அநேகமாக எந்த ஊரிலும் கிடையாது. பெரிய கடைகள் திறக்கவே கூடாது என்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். கார் இல்லாத தனியாள் அன்று வீட்டுக்குள்தான். சபை மண்டபத்தில் சமைக்க ஆள் கிடைத்துவிடும், ஆனால் இவர்களைப் போய் அழைத்து வரத்தான் ஆள் வேண்டும். போன வருஷமும் நான் வண்டி எடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தும் ஒரு பாட்டி பத்து மணிக்கே கோட்டு, தொப்பி, மடியில் கைப்பை என்று ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாராம். குரல் கரகரவென்றிருந்தது. சளியா என்று கேட்டேன். "இல்லை, மூன்று நாளாகப் பேச ஆளில்லை, அதான்" என்று சிரித்தார். சாப்பாட்டு மேஜையில் பட்டாசுக் காகிதக் குழலை ஆளுக்கு ஒரு முனை பிடித்து இழுத்து, உள்ளிருந்த காகிதக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, பக்கத்தில் இருந்தவருக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. இந்த வருஷமும் அவரை நான்தான் அழைத்து வருகிறேன், கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு டிவியில் அரசர் பேசுவார். அது முடியாமல் ஒருவரும் நாற்காலியை விட்டு எழமாட்டார்கள். எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டு நான் திரும்ப ஆறு மணியாகிவிடும், அங்கே உங்களுக்கு இரவு பதினொன்றரை. விழித்திருக்காதீர்கள். 26ஆம் தேதி இங்கேயும் லீவுதான், காலையில் நிதானமாகப் பேசுவோம்.

தம்பியிடம் சொல்லி நம் கேரல் ரவுண்ட்ஸை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தபேலா சத்தம் நன்றாகக் கேட்கட்டும். முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா, "உங்கள் ஊரில் எப்படிப் பாடுவீர்கள்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்